கம்பத்தைக் காட்டு

என் வீட்டுக்காரருக்கு உலகம் முழுக்கத் தெரியும். வீட்டுத் தண்ணீர்க் குழாயை எங்கே மூடுவது என்று மட்டும் தெரியாது. ஒரு தடவை குழாய் உடைந்து சமையலறை குளமானபோது, நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணிய மகராசன் அவர். நான் அவருக்குப் பூகோளம் என்று பேர் வைத்திருக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொன்னால் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

ஒரு காலத்தில் காப்பீட்டு அலுவலகத்தில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனிதர்தான். அங்கே மதிய நேரத்தில் யாரோ ஒரு விளையாட்டைக் காட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் உங்களை உலகத்தில் ஏதோ ஒரு தெருவில் கொண்டுபோய் நிறுத்தும். ஊர் பேர் சொல்லாது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எந்த நாடு, எந்த இடம் என்று வரைபடத்தில் குத்த வேண்டும். எவ்வளவு கிட்டத்தில் குத்துகிறீர்களோ அவ்வளவு மதிப்பெண். அவ்வளவுதான் ஆட்டம். அதில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வேலையை விட்டார். உள் அறையை வகுப்பாக்கினார். ‘விளையாட்டில் உலகம்’ என்று பேர் வைத்து, எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்கு நேரலையில் பூகோளம் சொல்லித் தர ஆரம்பித்தார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு சேர்த்தார்கள். புத்தகத்தைத் தொடாமலே பிள்ளை படித்துவிடும் என்றால் யாருக்குக் கசக்கும்?

பூகோளம் என்றால் என்ன நினைப்பீர்கள்? ஆறு ஏன் இந்தப் பக்கம் ஓடுகிறது, மழை ஏன் அங்கே பெய்யவில்லை, அந்த ஊர்க்காரர்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள், இதைத்தானே? அதெல்லாம் ஒன்றும் கிடையாது. மின்கம்பத்தில் ஓட்டை இருக்கிறதா, சாலையோரக் கோடு வெள்ளையா மஞ்சளா, அந்தத் தெருவைப் படம் எடுத்துக்கொண்டு போன கேமரா வண்டியின் நிழல் எப்படி விழுகிறது, இதுதான் பாடம். மங்கோலியாவைப் பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கம்பமும் ஒரு வேலியும். ‘கம்பத்தைக் காட்டு, நாட்டைச் சொல்கிறேன்’ என்று அறைச் சுவரில் எழுதி வேறு ஒட்டியிருந்தார். பெரிய சாதனை.

அந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரையும் கேட்கக் கூடாது. வேறு எங்கேயும் தேடிப் பார்க்கவும் கூடாது. கேட்டால் அது ஏமாற்று வேலை, மானம் போய்விடும். இவர் அதை வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடை எங்கே என்று கூட வெளியில் யாரையும் கேட்க மாட்டார். தெருத்தெருவாகச் சுற்றி, வேர்த்து ஊற்றி, வெறுங்கையோடு திரும்பி வந்து, ‘கிட்டத்தட்டக் கண்டுபிடிச்சிட்டேன்’ என்பார். எனக்கோ காய்ச்சலில் உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

இந்த மனிதர் மேல் உயிரையே வைத்திருந்தாள் எங்கள் மகள் சிட்டு. வயது எட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அப்பா மடியில் ஏறி, ‘அப்பா, ஒரு சுத்து!’ என்பாள். அவளிடம் மட்டும் அவர் பெருமை பீற்றாமல் பேசுவார், அதையும் சொல்லியாக வேண்டும்.

நான் கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். டாக்டர் எழுதிய பவருக்கு லென்ஸைத் தேய்த்து, சரிபார்த்து, பிரேமில் உட்கார வைப்பது வேலை. ஒரு நாள் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மூணு மாசம் வெளியூர்ல பெரிய ஃபேக்டரியில பயிற்சி இருக்கு. போயிட்டு வந்தா இந்தப் பிரிவுக்கே நீதான் பொறுப்பு. அங்க குவார்ட்டர்ஸ் இருக்கு, பக்கத்துலயே ஸ்கூலும் இருக்கு. ஆனா பொண்ண இங்க விட்டுட்டுப் போக முடிஞ்சா உனக்கு இன்னும் சுலபம். யோசிச்சு சொல்லு” என்றார்.

யோசிக்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. சிட்டுவை இந்தப் பூகோளத்திடம் மூன்று மாதம் விட்டுப் போகலாமா?

அவரிடம் சொன்னேன். ஒரு காதில் ஹெட்போன், கண் திரையில்.

“போயிட்டு வாயேன். என் பொண்ண நான் பாத்துக்க மாட்டேனா?”

“சாயங்காலம் வேன் வரும்போது கீழ போய் நிக்கணும்.”

“நிக்கறேன்.”

“போன எடுக்கணும்.”

“எடுக்கறேம்மா. எட்டு பில்லியன் பேர் இருக்கற உலகத்தையே பாத்துக்கறேன். ஒரு பொண்ணப் பாத்துக்க மாட்டேனா?”

எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. சரி, பார்ப்போம் என்று அந்த வாரம் முழுக்கச் சாயங்காலப் பொறுப்பை அவர் தலையில் கட்டினேன். முதல் மூன்று நாள் ஒழுங்காகத்தான் போனது. கிளம்பிவிடலாம் என்று மனசுக்குள் பெட்டிகூட அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

நாலாம் நாள் எங்கள் முன் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேனுக்கு மாற்று டிரைவர். அவர் சுற்றிக்கொண்டு போய்ப் பின் தெருவில் சிட்டுவை இறக்கிவிட்டார். இவருக்குப் போன் போட்டிருக்கிறார், ஒன்றுக்கு மூன்று தடவை. இவர் எடுக்கவில்லை. வகுப்பில் இருந்தாராம். மற்ற பிள்ளைகள் வேனில் அழ ஆரம்பிக்கவும், “இந்தச் சுவத்த ஒட்டியே போம்மா, திரும்பினா உங்க கேட்டுதான்” என்று சொல்லிவிட்டு அந்தப் புண்ணியவான் வண்டியை எடுத்துவிட்டார். குழந்தையை அப்படி விட்டுப்போக அவருக்கும் எப்படித்தான் மனசு வந்ததோ.

சுவரை ஒட்டி நடந்திருக்கிறாள். கார் பட்டறை ஒன்றிலிருந்து நாய் பாய்ந்து குரைத்திருக்கிறது. பயந்து ஓடியதில் எந்தப் பக்கம் வந்தோம் என்பது அவளுக்குக் குழம்பிவிட்டது. பின் தெருவுக்கு அவள் வந்ததே இல்லை, அங்கே எங்களுக்கு என்ன வேலை? ஒரு மின்கம்பத்துக்குக் கீழே நின்று, பையில் இருந்த பழைய போனை எடுத்து அப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். மகள் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டார். அந்த மட்டுக்கும் நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த வகுப்பு முழுக்கப் பதிவாகி இணையத்தில் கிடக்கிறது. இன்னும் அவர் அதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

“அப்பா, நான் எங்க இருக்கேன்னு தெரியல.” சிட்டுவின் குரல் நடுங்குகிறது.

இவர் முகம் பளீரென்று மலர்கிறது. ஐயோ, அந்தச் சிரிப்பு! வகுப்புப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, “பசங்களா, இதோ ஒரு நேரடிச் சுத்து! ஒரிஜினல் தெரு!” என்று மகளின் வீடியோவைத் திரை முழுக்கப் போடுகிறார்.

“சிட்டு, அழக்கூடாது. நீ யாரு, என் பொண்ணு. கம்பத்தைக் காட்டு.”

அழுதுகொண்டே கம்பத்தைக் காட்டுகிறாள்.

“சாலைக் கோட்டைக் காட்டு. வெள்ளைக்கோடு, ஓரத்துல மட்டும். குறிச்சுக்கங்க பசங்களா. சிட்டு, இப்ப மெதுவா ஒரு சுத்து சுத்து.”

பிள்ளை சுற்றுகிறாள். ஒரு தையல் கடை, பட்டறைச் சுவர், மாடிக் கட்டடத்தின் பின்பக்கம், அதில் வரிசையாகப் பால்கனிகள், காயும் துணிகள்.

வகுப்பில் ஒரு வாண்டு கையைத் தூக்குகிறது. “சார், அந்த மூணாவது மாடியில உலக மேப் போட்ட போர்வை காயுது.”

“துணிய நம்பக் கூடாதுடா. போர்வை எந்த ஊர்லயும் விக்கும். கம்பம்தான் ஆதாரம்.”

அது எங்கள் போர்வை. அவருடைய பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அன்று காலையில் நானே துவைத்துக் காயப்போட்டது. தினமும் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற போர்வையைத் தெரியவில்லை. அந்தப் பால்கனியில் நின்றுதான் அவர் பல் தேய்ப்பார். பல் தேய்க்கும்போதும் ஒரு கையில் போன்.

“அப்பா, அந்தக் கடை ஆன்ட்டி கூப்பிடறாங்க. அவங்ககிட்ட கேக்கட்டுமா?”

“வேணாம் வேணாம். யாரையும் கேக்காத. அங்கயே நில்லு, அசையாத. அப்பா கண்டுபிடிச்சிடுவேன்.”

முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே என்று எச்சரித்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். அடுத்த வார்த்தை என்ன தெரியுமா? “கேட்டுட்டா அப்புறம் இதுல என்ன இருக்கு, சொல்லுங்க பசங்களா?”

இன்னொரு பிள்ளை, “சார், உங்க வீட்டுப் பக்கத்துலயே இருக்கலாமே?” என்று கேட்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சுற்றிப் போட வேண்டும். இவர் உடனே எங்கள் பின் தெருவை விளையாட்டுப் படத்தில் திறந்து காட்டுகிறார். அதில் காலி மனை, ஒரு மரம், பாதி இடிந்த சுவர். “பாரு, எங்க பின் தெரு இது. இங்க பட்டறையே இல்ல. ஆக, இது அங்க இல்ல. இப்படித்தான் ஒண்ணொண்ணா கழிக்கணும்.”

அந்தப் படம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. எழுந்து நாலு எட்டு வைத்துப் பால்கனி வழியாகக் குனிந்து பார்த்திருந்தால், நடுங்கிக்கொண்டு நிற்கும் மகளின் உச்சந்தலை தெரிந்திருக்கும்.

நான் அப்போது லென்ஸ் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“பதறாத. சிட்டு வேற இடத்துல எறங்கிட்டா. நான் கண்டுபிடிச்சிட்டேன். ரயில் நிலையத்துக்குப் பின்னாடி புதுக் குடியிருப்பு. பக்கா. அந்த மாதிரிக் கம்பம் அங்கதான் நட்டிருக்காங்க. நீ அங்கிருந்து போறதுதான் கிட்ட.”

“நீங்க?”

“எனக்கு வகுப்பு நடக்குதும்மா.”

போட்டது போட்டபடி ஓடினேன். வாடகை வண்டி பிடித்து ஊரின் மறு கோடிக்குப் போனேன். புதுக் குடியிருப்பு முழுக்க அவர் சொன்ன கம்பம்தான், ஒவ்வொன்றுக்குக் கீழேயும் யாருமில்லை. கத்திக் கத்திக் கூப்பிட்டேன். சிட்டுவின் போனுக்கு அடித்தால் அணைந்து கிடந்தது. அவ்வளவு நேரம் வீடியோவில் சுற்றவிட்டால் பழைய போனில் சார்ஜ் எப்படி நிற்கும்? என்னென்ன நினைக்கக் கூடாதோ அத்தனையும் நினைத்தேன். பெற்றவளுக்குத்தான் தெரியும் அது.

பிறகு நான் செய்தது ஒரே காரியம். கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வேன் டிரைவர் நம்பரைக் கேட்டேன். அவரிடம் கேட்டேன்.

“உங்க வீட்டுப் பின் தெருவுலதான்மா இறக்கிவிட்டேன். சாருக்கு மெசேஜ்கூட அனுப்பினேனே!”

இருட்டும் நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது சிட்டு அதே கம்பத்துக்குக் கீழே அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே தையல் கடைக்காரம்மா கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தைக்கிற வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணாம்மா? எத்தன தடவ கேட்டும் பேரச் சொல்லல. உள்ள வந்து உக்காருன்னாலும் வரல. விட்டுட்டுப் போக மனசில்லாம உக்காந்திருக்கேன்.”

நான் பக்கத்தில் போனதும்தான் பார்த்தேன். பாவாடை நனைந்திருந்தது. காலுறை, ஷூ எல்லாம் நனைந்து, காலடியில் தரை ஈரமாக இருந்தது.

“பாத்ரூம் வந்துச்சும்மா. அப்பா அசையாதன்னு சொன்னாரு.”

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை, கனம்தான். சுவரைச் சுற்றி வந்தால் எங்கள் கேட். டிரைவர் சொன்னது அப்படியே சரி.

வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தார். நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, “கெடச்சிட்டாளா? நான் சொன்ன எடம்தானே?” என்றார்.

“நம்ம பின் தெரு.”

“இருக்க முடியாதே.” சத்தியமாக இதைத்தான் சொன்னார். என் இடுப்பில் ஈரப் பாவாடையோடு பிள்ளை இருக்கிறாள், இவர் இருக்க முடியாதே என்கிறார். எழுந்து பால்கனிக்குப் போனார், குனிந்து பார்த்தார், திரும்பி வந்தார். “படம் பழசு. மாத்தவே இல்ல அவங்க. இதுல என் தப்பு எங்க இருக்கு?” உட்கார்ந்து, அந்த வரைபடக் கம்பெனிக்குப் புகார் எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பின் தெருவில் போட்டிருப்பேன். பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது.

அவர் கெட்டவர் இல்லை என்று என் மாமியார் போனில் சமாதானம் சொன்னார். இல்லைதான். கெட்டவனாக இருந்தால்கூடக் கொஞ்சம் வெளியே நடமாடுவான்.

மறுநாள் சாயங்காலம் அவர் மடியைத் தட்டி, “சிட்டு, வா, ஒரு சுத்து” என்று கூப்பிட்டார். சிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “எனக்கு பாத்ரூம் போகணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னாள். “பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா, டாக்டர்கிட்ட காட்டு” என்றார் என்னிடம்.

மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய், “பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன் மேடம்” என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. குவார்ட்டர்ஸில் ஒரு அறை கிடைத்தது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதத்துக்கு இடமும் கிடைத்தது. கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட் வரைக்கும் வந்து பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார். அப்போதும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. இவர் கேட்கட்டும், வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை கேட்கட்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு.

போய்ச் சேர்ந்த முதல் வேலையாக, அறைக்கு எதிரே நின்ற மின்கம்பத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். ‘நாங்க இங்க இருக்கோம். ஞாயித்துக்கிழமை வாங்க. பொண்ணுக்கு உங்களப் பாக்கணுமாம்.’ பொண்ணு அவரைப் பார்க்க வேண்டும் என்றது நிஜம். பஸ்ஸில் வரும்போதே கேட்டுவிட்டாள், “அப்பா வருவாரு இல்ல?”

விலாசம் என்ன என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் சொல்லத் தயாராகப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பதில் உடனே வந்தது. ‘சொல்லாத! நானே கண்டுபிடிக்கிறேன்.’

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ‘நம்ம நாடுதான்!’ பக்கத்தில் ஒரு வெற்றிக் கோப்பைப் படம். ஆமாம், பாஸ்போர்ட் இல்லாமல் பஸ்ஸில் ஏறிப்போன பெண்டாட்டி எந்த நாட்டில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டார். கைதட்டுங்கள்.

முதல் ஞாயிறு போனது. இரண்டாம் ஞாயிறு போனது. அந்தக் கம்பத்தை வகுப்பிலும் காட்டி, பிள்ளைகளுக்குப் போட்டியாக வைத்துவிட்டார் என்று அப்புறம் தெரிந்தது. தினமும் போன் செய்வார். பிள்ளை சாப்பிட்டாளா என்பார், சந்தோஷமாக இருக்கிறாளா என்பார். நான் பேச்சை எடுத்தாலே, “வேணாம், க்ளூ குடுக்காத” என்பார். ஒவ்வொரு ஞாயிறும் சிட்டு நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்வாள். சாயங்காலம் கழற்றி மடித்து வைப்பாள். நானும் என்ன ஜன்மம், பிள்ளையைப் பார்த்தும் வீம்பை விடாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் செய்தி வந்தது. சிட்டுதான் முதலில் படித்தாள். ‘ரொம்பக் கிட்ட வந்துட்டேன்.’

“அம்மா! அப்பா கிட்ட வந்துட்டாராம்!” ஜன்னலுக்கு ஓடினாள். எக்கி எக்கித் தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். அவர் வீட்டை விட்டு ஒரு அடிகூட எடுத்து வைத்திருக்க மாட்டார், வரைபடத்தில் கிட்ட வந்திருக்கிறார் என்று இந்தப் பிள்ளையிடம் நான் எந்த வாயால் சொல்வது?

சொன்னேன். வேறு வழியில்லை.

அவள் என் போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். அறை எண், கட்டடம், தெரு, ஊர், எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எல்லாம். பின் தெருவில் நின்றதற்குப் பிறகு எங்கே போனாலும் விலாசத்தை மனப்பாடம் பண்ணு என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு தவறில்லாமல் எழுதியிருந்தாள். கடைசியில், ‘வாங்கப்பா’ என்று போட்டு அனுப்பினாள்.

இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கே வெட்கமாக இருக்கிறது சொல்ல, அந்த ஒரு நிமிஷம் நானும் அந்த மனிதரை நம்பினேன்.

பதில் வந்தது.

‘ஐயோ செல்லம், ஏன் சொன்ன? இன்னும் ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிருப்பேனே. ஆட்டமே போச்சு. சரி, அம்மாவ வேற கம்பம் அனுப்பச் சொல்லு.’

சிட்டு அதை இரண்டு தடவை படித்தாள். போனைக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கு பாத்ரூம் போகணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வெளியே வந்தபோது நல்ல உடுப்பைக் கழற்றியிருந்தாள்.